சூடேற்றியும் ரப்பர்க் குழாயும்



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழங்கால மகிழுந்து ஒன்றின் படத்தைக் காட்டினேன். பழைய எம்.ஜி. டிடி வண்டியின் சாயலில் பிற்காலத்தில் கட்டப்பட்ட நகல் வண்டி அது. குளிர்நாடுகளில் இத்தகைய வண்டியை வாங்குவோர் நல்ல சூடேற்றி பொருத்துவதில் மிகுந்த அக்கறை காட்டுவர் என்றேன். உடனே ஒரு மாணவி, "ஐயா, காருக்குள் எதற்குச் சூடு? நாம் குளிர்சாதனம்தானே போடுகிறோம்?" என்று வினவினாள். வகுப்பே சிரித்தது. ஆனால், அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது அது எங்களை நம் பாட்டன் பாட்டி காலத்துத் தோட்டத்திற்கே அழைத்துச் சென்றது.

எம்.ஜி. டிடி இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1949 முதல் 1953 வரை உருவானது. ஏறத்தாழ 30,000 வண்டிகள் வெளிவந்தன. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குச் சென்றன. துணிக்கூரை, கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லை. குளிர்காலத்தில் தடித்த மேலங்கியே ஓட்டுநருக்குத் துணை. அக்காலத்தில் சூடேற்றி என்பது தனிப்பணம் கொடுத்துப் பெறும் வசதியாகவே இருந்தது. நம் நாட்டிலும் பலர் ஓட்டிய மோரிஸ் மைனர் 1948இல் அறிமுகமானபோது அதன் இயந்திரத்தில் நீரேற்றியே கிடையாது. 1950இன் இறுதியில் நீரேற்றி சேர்க்கப்பட்ட பின்னரே, விரும்புவோருக்குச் சூடேற்றி வழங்க முடிந்தது.

இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு? இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 80, 90 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்நீரின் ஒரு பகுதியை இரண்டு ரப்பர்க் குழாய்கள் வழியே பயணிகள் அறைப் பக்கம் கொண்டுவந்து, ஒரு சிறிய ரேடியேட்டருக்குள் சுற்றவிட்டு, அதன்மீது விசிறியால் காற்றைச் செலுத்தினால் வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். வீணாகும் வெப்பத்தைப் பயனாக்கும் எளிய அறிவியல் இது. சூடு போதவில்லை எனில் பெரிய ரேடியேட்டரும் வலிய விசிறியும் பொருத்துவர். மிதிகளைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைப்பர். பழைய குழாய்களை மாற்றுவர்.

வியப்பு என்னவெனில், எம்.ஜி. டிடியின் சாயலில் அமைந்த 'டிடி 2000' என்னும் வண்டி நம் மலேசியாவிலேயே கட்டப்பட்டதாகும். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அம்முயற்சி பின்னர் இங்கு வந்தது. ஆங்கிலேயத் தோற்றம், ஜப்பானிய இயந்திரம், மலேசிய உழைப்பு! நண்பகலில் 30 பாகையைத் தாண்டும் நாட்டில் உருவான வண்டிக்குக் குளிர்நாட்டில் சூடேற்றி தேவைப்படுகிறது.

இப்போது அந்த இரண்டு ரப்பர்க் குழாய்களுக்கு வருவோம். 1877இல் நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகிழுந்துகள் பெருகப் பெருக, டயருக்கும் குழாய்க்கும் ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

குளிர்ந்த வேளையில்தான் பால்மரம் நன்றாகப் பால் வடிக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் பனி நனைத்த புல்லில் நடந்தனர் நம் பாட்டிமார். அவர்களுக்குச் சூடேற்றி கிடையாது. ஒரு பழைய சட்டையும் ஒரு குவளை வரக்காப்பியுமே வெப்பம் தந்தன. அக்குளிரில் அவர்கள் சேர்த்த பால்தான் கடல் கடந்து, தூரதேசத்து வண்டிகளுக்கு டயராகவும் குழாயாகவும் ஆனது. வண்டிக்குள் அமர்ந்து கைகளைச் சூடாக்கிக்கொண்டவருக்கு அந்தப் பாட்டியின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்கேனும் தெரிய வேண்டாமா?

1942இல் மலாயா ஜப்பானியர் வசமானதும், இயற்கை ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பர் உற்பத்தியைப் பெருக்கியது. இன்று சூடேற்றிக் குழாய்கள் பெரும்பாலும் எண்ணெய் வளத்திலிருந்து பெறப்படும் செயற்கை ரப்பரால் ஆனவை. டயரில் மட்டும் இயற்கை ரப்பர் இன்னும் தன் இடத்தை விடவில்லை. நம் தோட்டங்களோ பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டம் மறைந்த பிறகும், தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நம்மிடையே உள்ளன. அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் விடை கூறத் தெரியாத மாணவர்களும் உள்ளனர். இது அவர்கள் குற்றமன்று, நாம் சொல்லவில்லை.

பெற்றோர்களே, இந்த வாரம் ஒரு சிறு பணி. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பால்மரம் வெட்டிய முதியவர் இருந்தால், பிள்ளையை அவர் அருகில் அமர்த்துங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு எழுந்தார், குளிருக்கு எதைப் போர்த்திக்கொண்டார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, கோலகங்சார் செல்லும் கல்விச் சுற்றுலாவில் அங்குள்ள பழைமையான ரப்பர் மரத்தையும் காட்டுங்கள். வினா எழுப்பிய அம்மாணவி தன் பாட்டியிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறாள். அதை வகுப்புச் சுவரில் ஒட்டியுள்ளேன்.