பெயர் எழுதப்படாத முகங்கள்

பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் நாம் காணும் கல்லறையொன்று, நிழற்படக் கலையின் முன்னோடியான ஜூலியா மார்கரெட் கமரூனுடையது. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த அவர், 48ஆம் வயதில் மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு, ஓவியத்தின் ஒளிநிழலை நிழற்படத்திற் படைத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் படங்கள் பெயரோடு வாழ்கின்றன.

1875இல், கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கையிற் குடியேறினார். களுத்துறையில் உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். தமிழரும் அவர்களுள் அடங்குவர். 1879இல் மலையகத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் மறைந்தார்.

அவ்வேழை முகங்களிலும் அதே மாண்பு ஒளிர்கிறது. ஆயின் அவற்றுட் பலவற்றுக்குப் பெயரில்லை. முகத்தைக் கண்ட கலை பெயரைக் குறிக்கவில்லை. உழைப்பை ஏற்ற நாடோ, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உழைத்தவர் பெயரையும் எழுதும் வரலாறே நமக்கு வேண்டும்.