தைப்பூசத்தில் கொடுத்த காசை வரியில் கழிக்கலாமா?

தண்ணீர்மலைக்கு நடக்கும் வழியில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொஞ்சம், உண்டியலில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் வந்த கியூஆர் குறியீட்டுக்குக் கொஞ்சம். தைப்பூசம் முடிந்து பார்த்தால் சில நூறு ரிங்கிட் போயிருக்கும். வேலைக்குச் சேர்ந்து முதல்முறை வரிப் பாரம் நிரப்பும்போது கேள்வி வரும்: "இதையெல்லாம் கழிச்சிக்கலாமா?"

பெரும்பாலும் முடியாது. காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவுப்படி, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்கோ நிதிக்கோ நீங்கள் பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான் கழிவு. கோயிலோ, அனாதை இல்லமோ, சங்கமோ, பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது; வரிக் கழிவுக்கான தனி அங்கீகாரம் வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

எவ்வளவு வரை?

தனிநபருக்கு உச்சவரம்பு ஆண்டு மொத்த வருமானத்தில் 10%. 2020 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன் இது 7%. வரம்புக்கு மேல் கொடுத்ததை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாது. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பண நன்கொடைக்கு இந்த வரம்பு இல்லை.

1,000 கொடுத்தால் 1,000 திரும்பி வருமா?

வராது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நன்கொடை வரியிலிருந்து கழிவதில்லை, வருமானத்திலிருந்து கழிகிறது.

உங்கள் சம்பளம் மாதம் 6,000 ரிங்கிட், ஆண்டுக்கு 72,000 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 7,200. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000 போனால் மிச்சம் 59,000. இந்த இடத்தில் வரி விகிதம் 11%. ஆக, 1,000 ரிங்கிட் நன்கொடைக்கு மிச்சமாவது 110 ரிங்கிட். வரியே கட்ட வேண்டாத அளவு சம்பளம் என்றால், கழிவால் பலன் எதுவும் இல்லை.

முஸ்லிம்கள் செலுத்தும் ஸக்காத் வேறு கணக்கு. அது கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழியும்.

எதையெல்லாம் சேர்க்க முடியாது?

• ரசீது இல்லாத உண்டியல் காசு.
• உடைக்க வாங்கிய தேங்காய், பந்தலுக்குக் கொடுத்த அரிசி, மோர். இவை 44(6) கேட்கும் பண நன்கொடை அல்ல.
• தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய உதவி, எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும்.
• நண்பர்கள் சேர்ந்து கொடுத்து, ரசீது ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர்களின் பங்கு.

ரசீதில் என்ன பார்க்கணும்?

உங்கள் பெயர், தொகை, தேதி, அமைப்பின் பெயர், வரி அங்கீகார எண், 44(6) பிரிவு பற்றிய குறிப்பு. ஜனவரி முதல் டிசம்பர் வரை கொடுத்தது அந்தந்த ஆண்டுக் கணக்கில் சேரும். சம்பளக்காரர்கள் அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் பாரம் அனுப்ப வேண்டும். மை டேக்ஸ் வழி இ-ஃபைலிங் என்றால் மே 15 வரை அவகாசம் தரப்படுகிறது.

பாரத்தோடு ரசீதை அனுப்ப வேண்டாம். ஆனால் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். தணிக்கையில் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் கழிவு ரத்தாகும். குறைந்த வரியோடு அபராதமும் சேரலாம். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள், மூலத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

உண்டியலில் போடுவது உங்கள் மனசு. கழிவு வேண்டுமென்றால், ரசீதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.