காவிரி நீரும் குளோரினும்: மேச்சேரிப் பகுதியை முன்வைத்துக் கிருமிநீக்கத் துணைவிளைபொருள்களின் வரலாறு

முன்னுரை

சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணைக்கு அருகே அமைந்த மேச்சேரி, மழை குறைந்த மேட்டுநிலப் பகுதியாகும். கடினப்பாறையில் தோண்டிய கிணறுகளே இங்கு நெடுங்காலம் குடிநீர் தந்தன. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை டெல்டாப் பாசனத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டது. அதன் நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின்வழிச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கிடைத்தது பிற்கால வளர்ச்சியாகும். ஆற்றுநீர் குடிநீரானபோது குளோரினும் இன்றியமையாததாயிற்று. குளோரின் தரும் பாதுகாப்பும் அதனால் விளையும் இடரும் அறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குளோரினின் வருகை

1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீர்க் குழாய்கள் வெளுப்புத் தூளால் தூய்மைப்படுத்தப்பட்டன. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கும் முறையை ஜான் லீல் நடைமுறைப்படுத்தினார். நீர்வழிப் பரவும் டைபாய்டு, காலரா ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதில் இம்முறை பெரும்பங்காற்றியது. மேட்டூரிலேயே 1936இல் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்று தோன்றியது; உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பெறும் தொழில் அங்கு வளர்ந்தது.

1974ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோகன்னஸ் ரூக், நீரிலுள்ள மட்குப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரோபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்களை உருவாக்குவதை 1974இல் வெளிப்படுத்தினார். குளோரோபார்ம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் புற்றுநோய் உண்டாக்குவதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1976இல் அறிவித்தது. 1979இல் அந்நாடு மொத்த டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என வரம்பிட்டது. நெடுங்காலம் இத்தகைய நீரைப் பயன்படுத்துவோரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. எனினும் அத்தொடர்பு காரணகாரிய உறவாக ஐயமற நிறுவப்படவில்லை. குளிக்கும்போது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் இவை உடலுக்குள் செல்கின்றன.

மேச்சேரிப் பகுதிக்கான பொருத்தப்பாடு

துணைவிளைபொருள்களின் அளவை நீரிலுள்ள கரிமப் பொருள், குளோரினின் அளவு, வெப்பம், வினைபுரியும் நேரம் ஆகியவை தீர்மானிக்கின்றன. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அண்மை ஆண்டுகளில் பாசி படர்ந்து துர்நாற்றம் வீசியதுண்டு. பாசியும் கரிமப் பொருளின் ஊற்றே. கோடை வெப்பமும், நெடுந்தொலைவு குழாயில் சென்று மேல்நிலைத் தொட்டியில் தேங்கும் காலமும் வினைக்கு இடமளிக்கின்றன. படிகாரமிட்டுத் தெளியவைத்து, மணல்வடிகட்டியில் வடித்து, கரிமப் பொருளைக் குறைத்தபின் குளோரின் சேர்ப்பதே இடரைத் தணிக்கும் வழி. வடிகட்டுமுன் மிகுதியாகக் குளோரின் சேர்ப்பது இடரைப் பெருக்கும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500:2012, குளோரோபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் உட்பட நான்கு டிரைஹாலோமீத்தேன்களுக்கு வரம்பு வகுக்கிறது. ஹாலோ அசிட்டிக் அமிலங்களுக்கு வகுக்கவில்லை. ஊராட்சி அளவில் அன்றாடம் சோதிக்கப்படுவது எஞ்சிய குளோரின் மட்டுமே. அது குறைந்தது 0.2 மில்லிகிராம் இருப்பதைக் காட்டும் நிறமாற்றச் சோதனை, துணைவிளைபொருள்களைக் காட்டாது. அவற்றை அளக்க வாயு நிறப்பகுப்புக் கருவி தேவை.

முடிவுரை

துணைவிளைபொருள்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குளோரினைக் கைவிட்டால் வரும் நோய் உடனடியானது. துணைவிளைபொருளால் வரக்கூடிய இடர் பல்லாண்டு கடந்து தோன்றுவது. ஆகவே குளோரின் வேண்டுமா என்பதினும், எத்தகைய நீரில், எந்நிலையில், எவ்வளவு சேர்ப்பது என்பதே 1974க்குப் பிந்தைய வினாவாகும். நீர்த்தேக்கத்தின் தூய்மையும் பாசி மிகும் பருவத்தில் டிரைஹாலோமீத்தேன் அளவீடும் மேச்சேரிப் பகுதியின் குடிநீர்ப் பாதுகாப்பில் இடம்பெற வேண்டும் என்பது இவ்வரலாற்றின்வழிப் பெறப்படும் முடிவாகும்.