மலைக்கானகத் தங்கிடங்களின் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடரும் சியரா நெவாடா மலைத்தொடரும் நீண்டு கிடக்கின்றன. அம்மலைகளின் உட்பகுதியில், மோட்டார் வண்டி செல்லும் சாலை முடிந்த பின்னும் பல கல் தொலைவு நடந்து சென்றால், வழிச்செல்வோர் இரவில் தங்கும் சிறு வெளிகளைக் காணலாம். கூடாரம் அடிப்பதற்கு ஏற்ற சமதரை ஒன்று; சிலவிடங்களில் தீ மூட்டுவதற்காகக் கற்களை வட்டமாக அடுக்கிய அடுப்பு ஒன்று; அருகே ஓர் ஓடை. இவ்வளவே அங்குள்ள வசதி. குழாய் இல்லை, விளக்கு இல்லை, கடை இல்லை. ஓடை நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ பருக வேண்டும். கரடிகள் மோப்பம் பிடித்து வாராதபடி உணவை உறுதியான கலத்தில் அடைத்துக் கூடாரத்திற்கு அப்பால் வைத்தல் வேண்டும். மலங்கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்து 200 அடி விலகிச் சென்று, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி, பின்னர் மண்ணால் மூடிவிட வேண்டும். குப்பை அனைத்தையும் திரும்பச் சுமந்து வருதல் வேண்டும்.

செல்வத்திற் சிறந்த ஒரு நாடு, தன் மலைகளைக் காண வருவோர்க்கு ஒரு குழாயேனும் அமைக்காது விட்டது ஏன்? மறதியா? பொருள் முட்டுப்பாடா? இரண்டும் அல்ல. அங்கு எதையும் கட்டுவதில்லை என்று மக்கள் எண்ணித் துணிந்தனர். அத்துணிவு சட்டமாக முதிர்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் உடைமையாகக் காக்கும் சட்டத்தில், 1864ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அதன் காவற் பொறுப்பு மாநில அரசிடம் அளிக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அங்கு வந்தார். இயற்கையறிஞர் ஜான் மியூர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். இருவரும் மூன்று இரவுகள் வெட்டவெளியில் தங்கினர். முதலிரவு பெருமரங்கள் நிறைந்த மாரிப்போசாச் சோலையிலும், இரண்டாம் இரவு மலையுச்சியை அடுத்தும், மூன்றாம் இரவு பள்ளத்தாக்கிலும் கழிந்தன. இரண்டாம் இரவில் பனி பெய்தது. காலையில் விழித்தபோது போர்வைகளின் மேல் பனி படிந்து கிடந்தது. தீயருகே அமர்ந்து மியூர் எடுத்துரைத்த செய்திகள் வீண்போகவில்லை. 1906ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கும் அச்சோலையும் மாநிலத்திடமிருந்து மத்திய அரசின் காவலுக்கு மாறின.

அந்நாளில் கானகத்தில் தங்குவோர் ஊசியிலை மரங்களின் கிளைகளை வெட்டிப் பரப்பி, அவற்றையே மெத்தையாகக் கொள்வது வழக்கம். அதனைத் தவறென்று எவரும் கருதவில்லை. வருவோர் சிலர், மரங்களோ பல. ஆனால், இந்தக் கணக்கை மோட்டார் வண்டி மாற்றிவிட்டது. 1910ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓடிய மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 5 இலட்சம். 1930ஆம் ஆண்டிலோ அவை 2 கோடிக்கும் மேலாகப் பெருகின. யோசெமிட்டியில் 1913ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் செல்ல இசைவு கிடைத்தது. தொழிலாளரும் எழுத்தரும் தம் குடும்பத்தோடு மலைக்கு வரலாயினர். முன்னர்ச் செல்வர் சிலர்க்கே வாய்த்த இன்பம் பலர்க்கும் வாய்த்தது நன்றே. ஆயினும், அப்பலரும் தங்கிய இடங்களில் புல் அழிந்தது, மண் இறுகியது, ஓடைகள் மாசுற்றன.

இவ்விடர்ப்பாட்டை நேரிற் கண்டவர்களுள் ஒருவர் ஆர்தர் கார்ஹார்ட் என்னும் இளைஞர். வெளிகளையும் சோலைகளையும் அழகுற வகுக்கும் கலையைப் பயின்ற அவரை, 1919ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறை கொலராடோ மாநிலத்தில் பணியமர்த்தியது. சான் இசபெல் தேசிய வனத்தில் மோட்டார் வண்டியில் வருவோர்க்கெனத் தங்கிடங்களை அவர் திட்டமிட்டார். வனத்துறை திட்டமிட்டு அமைத்த முதல் தங்கிடங்களுள் அவை வைத்தெண்ணப்படுகின்றன. அதே ஆண்டின் கோடைக்காலத்தில் அவர் டிராப்பர்ஸ் ஏரிக்கு அனுப்பப்பட்டார். ஏரியைச் சுற்றி ஒரு சாலைக்கும், கரையோரத்தில் கோடைக்கால இல்லங்களுக்கும் நிலம் அளந்து வருவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரும் அளந்தார். ஆனால், திரும்பி வந்ததும் மேலதிகாரியிடம் அவர் கூறியது வேறு: அங்கு எந்த இல்லமும் எழக்கூடாது, ஏரியின் கரை எல்லார்க்கும் உரியதாகவே இருத்தல் வேண்டும். கட்டுவதற்கென அமர்த்தப்பட்ட ஒருவர், கட்ட வேண்டா என்று சொல்வது எளிதன்று. அவ்வதிகாரியும் அதனை ஏற்றுக்கொண்டார் என்பது வியத்தற்குரியது. இல்லங்களும் எழவில்லை, ஏரியைச் சுற்றிச் சாலையும் இடப்படவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் கார்ஹார்ட்டை மற்றொரு வனத்துறை அலுவலர் டென்வர் நகரில் சந்தித்து உரையாடினார். அவரே ஆல்டோ லியோபோல்ட். அவர் வேட்டையாடுவதில் விருப்பமுடையவர். பொதிக்குதிரைகளோடு பல நாள் மலைப்பயணம் செய்து பழகியவர். இரண்டு வாரம் பயணம் செய்யினும் சாலை ஒன்றேனும் குறுக்கிடாத அளவு பரந்த நிலப்பரப்பை விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் முயற்சியால் 1924ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள கிலா மலைப்பகுதியில் ஏறத்தாழ 7½ இலட்சம் ஏக்கர் நிலம் கானகமாகக் காக்கப்பட்டது. அந்நாட்டு வனத்துறை இவ்வாறு ஒதுக்கிய முதற் பெருநிலம் இதுவே. 1929ஆம் ஆண்டில் வனத்துறை வகுத்த விதியொன்று இத்தகைய நிலங்களுக்குத் ‘தொன்னிலைப் பகுதிகள்’ என்று பொருள்படும் பெயரைத் தந்தது. இன்றும் வசதியற்ற தங்கிடங்களைத் தொன்னிலைத் தங்கிடங்கள் என்றே அந்நாட்டார் வழங்குகின்றனர்.

அலுவலரின் ஆணையால் காக்கப்பட்டது, அலுவலரின் ஆணையாலேயே அழியவும் கூடும் அன்றோ? கிலாவிலேயே அவ்வாறு நேர்ந்தது. ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் மனிதர் கொன்று குவித்ததால் மான்கள் மிகப் பெருகின. மான்களைக் குறைக்க வேட்டைக்காரர் வருதல் வேண்டும். அவர் வருவதற்குச் சாலை வேண்டும் என்று கூறி, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கானகத்தின் நடுவே ஒரு சாலை வெட்டப்பட்டது. கானகம் இரண்டாகப் பிளவுண்டது. பிளவுண்ட கீழ்ப்பகுதி பிற்காலத்தில் லியோபோல்டின் பெயரையே தாங்கியது.

மோட்டார் வண்டிகள் எளிதில் எட்டும் இடங்களில் சிக்கலுக்கு வேறொரு விடை கிடைத்தது. செடிகளின் நோய்களை ஆராய்ந்த எமிலியோ மைனெக்கே என்னும் அறிஞர், வண்டிச் சக்கரங்களும் மனிதர் காலடிகளும் மண்ணை இறுக்கி, மரங்களின் வேர்களை நலிவிக்கின்றன என்று காட்டினார். வண்டி எங்கும் திரியலாகாது; ஒருவழிப் பாதையில் சென்று, தனக்கென ஒதுக்கிய இடத்தில் நிற்றல் வேண்டும்; எல்லையில் பெருங்கற்களை நாட்ட வேண்டும்; அடுப்பும் மேசையும் நிலையாக ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். 1932ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திட்டத்தின் சாரம் இதுவே. 1933 முதல் 1942 வரை, வேலையற்ற இளைஞர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர்க்கு அரசு வேலையளித்த பாதுகாப்புப் படை, இம்முறையில் எண்ணற்ற தங்கிடங்களை அமைத்தது. ஒழுங்கு பிறந்தது; மரங்கள் பிழைத்தன. ஆனால், அதே படை மலைகளின் உள்ளே புதிய சாலைகளையும் வெட்டிச் சென்றது. இதனைக் கண்டு அஞ்சிய லியோபோல்ட், பாப் மார்ஷல் முதலியோர் 1935ஆம் ஆண்டில் கானகக் காப்புக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர்.

அச்சங்கத்தின் செயலாளராகப் பின்னர் விளங்கிய ஹோவர்டு சானிசர் சட்டமொன்றே இதற்குத் தீர்வு என உணர்ந்தார். அவர் வரைந்த சட்டமுன்வடிவு 1956ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவையின் முன் வந்தது. சுரங்கத் தொழில் நடத்துவோரும் மரவணிகரும் மேய்ச்சற்காரரும் எதிர்த்தனர். எட்டு ஆண்டுகள் விசாரணைக் கூட்டங்களிலும் திருத்தங்களிலும் கழிந்தன. சானிசர் சலியாது மீண்டும் மீண்டும் எழுதினார். 1964ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், தம் 58ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். 54 இடங்களில் 91 இலட்சம் ஏக்கர் நிலம் அன்று காவல் பெற்றது. இன்று அது 800க்கும் மேற்பட்ட இடங்களில் 11 கோடி ஏக்கருக்கும் மேலாக வளர்ந்துள்ளது. நிலையான சாலையும் பொறிவண்டியும் அங்கு விலக்கப்பட்டவை. மனிதன் அங்கு வந்து செல்லும் விருந்தினனேயன்றி, நிலைத்து வாழ்பவன் அல்லன் என்பதே அச்சட்டத்தின் உட்கிடை.

மாணவர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். மனிதன் வெறும் விருந்தினன் என்னும் சொல் அம்மலைகளின் பழைய வரலாற்றுக்குப் பொருந்துமா? கிலா மலையின் குகைகளில் 13ஆம் நூற்றாண்டில் மொகோயோன் மக்கள் கட்டிய இல்லங்கள் இன்றும் நிற்கின்றன. அவர்கட்குப் பின்னர் அப்பாச்சி மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1886ஆம் ஆண்டில் சிரிக்காவா அப்பாச்சி மக்கள் சிறைப்பட்டுத் தொலைவிலுள்ள புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டனர். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலும் 1851ஆம் ஆண்டில் படை புகுந்து, அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியது. வெள்ளையர் ஆளற்ற கானகம் என்று போற்றிய நிலம், பிறர் வீடாக இருந்த நிலமே. அவர்கள் தீயிட்டுப் புதர்களைக் கட்டுப்படுத்தியதால் விளைந்த புல்வெளிகளையும் பிற்காலத்தார் இயற்கையின் கைவண்ணமென்றே எண்ணினர். கானகக் காப்பின் சிறப்பை அறிவோர் இதனையும் மறவாது அறிதல் நேர்மையாகும்.

1964ஆம் ஆண்டின் சட்டத்தோடு கதை முடியவில்லை. காக்கப்பட்ட இடங்களை நாடி மக்கள் மேலும் மேலும் வந்தனர். 1970களில் பல மலைக்காடுகளில் இசைவுச் சீட்டு இன்றித் தங்கலாகாது என்ற விதி வந்தது. ஒரு நாளில் இத்தனை பேரே செல்லலாம் என்ற வரம்பும் சிலவிடங்களில் ஏற்பட்டது. மரக்கிளையை வெட்டி மெத்தையாக்கிய பழக்கம் மறைந்தது. உயர்மலைகளில் செடிகள் வளரும் காலம் ஆண்டில் சில வாரங்களே. மிதிபட்ட ஒரு சிறு புல்வெளி தன்னிலை அடையப் பல்லாண்டுகள் ஆகும். ஆதலால், பச்சைப் புல்லின்மேல் கூடாரம் அடிக்காமல் பாறையின் மேலோ வறண்ட மண்ணின் மேலோ அடிக்குமாறு பயணிகட்குக் கற்பிக்கின்றனர். வெந்த சாம்பல் முற்றும் குளிர்ந்ததைக் கையால் தொட்டறிந்த பின்னரே இடத்தை விட்டு நீங்க வேண்டும்.

ஆகவே, மலைநடுவே உள்ள அந்தச் சிறு வெளியில் குழாய் இல்லாமைக்கும் விளக்கு இல்லாமைக்கும் பின்னே, கட்ட மறுத்த ஓர் இளைஞரும், சாலையற்ற நிலம் வேண்டிய ஒரு வேட்டைக்காரரும், சட்டம் நிறைவேறு முன்னரே மறைந்த ஒரு செயலாளரும் உள்ளனர். அவர்கட்கு முன்னே, அந்நிலத்தை இழந்த மக்களும் உள்ளனர். இயற்கையைக் காக்கும் முறைகளை வருங்காலத்தில் வகுக்கப் போகின்றவர்கள் நீங்கள். எதனைக் கட்டுவது என்று ஆராயும்போது, எதனைக் கட்டாது விடுவது என்றும், அவ்வாறு விடும் நிலத்தில் முன்னரே வாழ்வோர் யாவர் என்றும் சேர்த்து ஆராய்வீர்களாக.