வேம்பாரில் கற்ற பாவசங்கீர்த்தனமும் திருப்பிக் கொடுக்காத கடனும்

"ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னித்துவிடுங்கள்."

திருவிழாத் தேர் சேரித் தெருவுக்குள் வராததைக் கேள்வி கேட்டதற்காக அடி விழுந்திருக்கும். கல்லறையில் இடம் மறுக்கப்பட்டுப் பிணத்தோடு காத்துக் கிடந்திருப்பார்கள். அதன்பின் கூட்டப்படும் சமாதானக் கூட்டத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காத தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் குறைவு. சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அடித்தவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அடிபட்டவரிடமிருந்து மட்டும் மன்னிப்பு வசூலிக்கப்படுகிறது.

கிறிஸ்தவம் உண்மையில் இதைத்தான் சொல்கிறதா? தோழர்களே, சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் நம்மை நோக்கி வீசப்படும் ஒரு சொல்லின் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாவமன்னிப்பு என்ற சொல் தமிழ் மண்ணில் வேர்பிடித்த கதையில் முத்துக்குளித்துறைக்கு முதல் இடம் உண்டு. அந்தக் கடற்கரையில் வேம்பாருக்கும் ஓர் இடம் உண்டு.

1548 அக்டோபர் 31 அன்று வேம்பாரிலிருந்து ஒரு கடிதம் ரோமாபுரிக்குப் போனது. எழுதியவர் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கஸ். பெற்றவர் இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார். அக்கடிதத்தில் அவர் தாம் தமிழ் கற்ற விதத்தை விவரிக்கிறார். இலத்தீனுக்கு உள்ளதுபோல வினைச்சொற்களையும் காலங்களையும் ஒழுங்குபடுத்தி, ஓர் இலக்கணத்தைத் தாமே கட்டிக்கொண்டு கற்றார்.

இந்த உழைப்பின் தேவையைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும். 1530-களின் நடுவில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கரையில் நடந்த மோதல்களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடியதும் அதற்கு ஒரு காரணம். 1542-இல் வந்த சவேரியார் மந்திரங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஜெபத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடலாம். பாவசங்கீர்த்தனத்தை அப்படிச் செய்ய முடியாது. அதில் பேச வேண்டியவர் குரு அல்ல, எதிரே முழந்தாளிட்டிருப்பவர். அவர் செய்தது என்ன, யாருக்குச் செய்தார், எத்தனை முறை என்பதெல்லாம் அவருடைய பேச்சிலேயே வர வேண்டும். நடுவில் ஒரு துபாஷியை நிறுத்தி எவர் தம் இரகசியத்தைச் சொல்வார்? கேட்பதற்காக ஒருவர் நம் மொழியைக் கற்றார் என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அண்ட்ரிக் யூத வம்சத்தில் வந்தவர், அன்றைய போர்த்துக்கீசியப் பேச்சில் 'புதுக் கிறிஸ்தவர்'. இரத்தம் தூய்மையற்றது என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. அதே இயேசு சபை 1593-இல் யூத வம்சத்தாரைச் சேர்ப்பதில்லை என்று சட்டம் இயற்றியபோது, அவர் இந்தக் கரையில் உயிரோடுதான் இருந்தார். அந்தச் சட்டம் முழுமையாக நீங்கியது 1946-இல். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாப் பாவத்தையும் கழுவும் என்று போதித்த திருச்சபை, பிறப்பை மட்டும் அது கழுவாது என்று 350 ஆண்டுகள் எழுத்தில் வைத்திருந்தது. பிறப்பால் தீட்டு என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்கள் அண்ட்ரிக்கின் கையிலிருந்து வந்தவை. 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்'. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-இல், அதே கொச்சியில், 'கொம்பேசியோனாயரு' என்று பெயரிட்ட பாவசங்கீர்த்தன நூல். தமிழ் எழுத்து அச்சுக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், மனிதன் தன் குற்றத்தை எப்படி ஆராய்ந்து சொல்வது என்பதற்குத் தனி நூல் வந்துவிட்டது. பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பது இவ்வகை நூல்களின் வழக்கம்.

அந்தக் காலத்துத் திருச்சபை மன்னிப்பைப் பற்றி என்ன போதித்தது? 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் அதை வரையறுத்தது. பாவி செய்ய வேண்டியவை மூன்று: மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம். மன்னிப்பு கடவுளின் கொடை, அதை எவரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் பிறரிடம் பறித்ததைக் கையில் வைத்துக்கொண்டே மனஸ்தாபப்படுகிறேன் என்று சொல்பவர் மனஸ்தாபப்படவே இல்லை என்று பொருள். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவருக்கு மன்னிப்பு இல்லை என்பதை ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீன் எழுதிவிட்டார். சுவிசேஷத்தில் வரும் வரிவசூல்காரன் சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறது மத்தேயு. போக வேண்டியவர் குற்றம் செய்தவர். இதை எத்தனை சமாதானக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்?

நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'உத்தரித்தல்' என்றொரு சொல் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அதில் வருவது. மன்னிக்கப்பட்ட பிறகும் தீர்க்க வேண்டிய பாக்கி இருக்கிறது, அதை அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. பாட்டிமார்கள் அறிந்திருந்த இந்தச் சொல்லை இன்றைய பிரசங்கங்களில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருந்த போதனையும் அல்ல. கரையின் போர்த்துக்கீசியக் கப்பித்தான் கோஸ்மே தெ பைவா பெரும் பேராசைக்காரன். 1544-இல் தூத்துக்குடி தாக்கப்பட்டு, பரதவர்கள் சோறும் தண்ணீரும் இல்லாத தீவுகளுக்கு ஓடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் சவேரியார் கொச்சியிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதினார். இந்தக் கரையில் பைவா அடித்த கொள்ளைகளுக்கும், தூத்துக்குடியில் அவன் ஆசையால் விளைந்த சாவுகளுக்கும் அவன் தன் மனச்சாட்சியின் பாரத்தை இறக்க நீர் உதவ வேண்டும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் என்பது அக்கடிதத்தின் சாரம். தீவில் பட்டினி கிடந்த மக்களிடம் போய், பைவாவை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும்படி அவர் எழுதவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, உலகின் மறுபக்கத்து அநீதிக்காக, பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் இதையே சட்டமாக எழுதினார். 1552-இல் செவில்லாவில் அச்சான அவருடைய பாவசங்கீர்த்தன விதிகள், அமெரிக்கப் பழங்குடிகளின் உழைப்பில் கொழுத்த ஸ்பானிய நிலவுடைமையாளர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தன: பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடு, அடிமைகளை விடுதலை செய், இல்லையென்றால் சாகும் தறுவாயிலும் பாவமன்னிப்பு இல்லை. தான் இழைக்கும் அநீதி பாவம் என்று ஒருவன் ஒப்புக்கொள்ளும்வரை மன்னிப்பின் கதவை மூடி வைப்பதுதான் ஒடுக்கப்பட்டவன் பக்கம் நிற்பது என்று அந்தக் குரு நினைத்தார்.

தமிழ்நாட்டில் சாதிக்கு இது நடந்ததா?

நடக்கவில்லை. இங்கே சாதியைப் பாவங்களின் பட்டியலில் இருந்தே எடுத்து வெளியே வைத்தார்கள். மதுரையில் இராபர்ட் தெ நொபிலி பூணூலும் குடுமியும் சமூக வழக்கம், மதச் சடங்கு அல்ல என்று வாதாடினார். 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் ஆணையிட்டு அதை அனுமதித்தார். அதே ஆணையில், உயர்குடிப் பிறப்பில் பெருமை கொள்பவர்கள் தாழ்ந்தவர்களை, குறிப்பாகக் கோயிலில் தேவவாக்கைக் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும், இகழ வேண்டாம் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. பூணூலுக்கு அனுமதி, தீண்டாமைக்கு வெறும் வேண்டுகோள். பைவாவுக்குத் திருப்பிக் கொடு என்ற கட்டளை போன திருச்சபையில், சாதிக்காரருக்குத் தயவுசெய்து என்ற சொல் போனது.

விளைவு என்ன? பிராமண சந்நியாசி கோலத்தில் இருந்த குருக்கள் பறையர்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. 'தாழ்ந்த' சாதிகளுக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் 1640-களில் வந்தார்கள். நோயில் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குரு போகமாட்டார். சாகக் கிடப்பவரை வெளியே தூக்கி வர வேண்டும். கடைசிப் பாவசங்கீர்த்தனத்துக்காக! கடவுளின் மன்னிப்பு சேரி வாசலில் தீட்டுக்குப் பயந்து நின்றது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்று தனியாக ஆணையிட வேண்டியிருந்தது.

அந்த ஆணையை நிறைவேற்றினால் மேல்சாதியார் ஓடிவிடுவார்கள் என்று மிஷனரிகள் நாற்பது ஆண்டுகள் மனுப்போட்டார்கள். 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் சண்டையை முடித்து வைத்தார். வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை நியமித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு ஒன்றே, அதைக் கொண்டு வருபவர் வேறு. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் போராடுகிறோம். பாவமன்னிப்புக்கே இரட்டைக் குவளை வைத்த ஆண்டு 1744.

பிறகு நடந்தவை உங்களுக்கு ஓரளவு தெரியும். வெள்ளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காகக் கால்சட்டை வடிவில் கட்டிய வடக்கன்குளம் கோயில். அங்கே 1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்பை இடித்தார், எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் வெல்லவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார், அவசியம் படியுங்கள். மன்னிப்பு கேட்பதற்கு முன் சுவரை இடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டதற்கு வன்முறை, துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்ப்பலி.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும், சாதிப் பாகுபாடு பாவம் என்றும் அது ஒப்புக்கொண்டது. இதை நான் ஏளனம் செய்யவில்லை. மூன்று படிகளில் இரண்டாவது அது. பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கிறது, பரிகாரம் எங்கே என்பதுதான் கேள்வி. அரசும் கைவிரித்த மக்கள் இவர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியினர் அல்லர், ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு மறுக்கப்படுகிறது. சட்டம் கேட்காத நியாயத்தைக் கேட்க அவருக்கு மிச்சமிருப்பது அவருடைய திருச்சபையின் சொந்தப் போதனை மட்டும்.

அடுத்த சமாதானக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கல்லறையில் எவ்வளவு இடம், தேர் எந்தத் தெரு வழி, பங்குப் பேரவையில் எத்தனை பேர், பங்கு நிலத்தின் கணக்கு, பள்ளியில் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை. மன்னித்துவிடுங்கள் என்று அவர் தொடங்கியதும் தாளை மேசைமேல் வையுங்கள். பைவாவிடம் கேட்கச் சொன்னதை எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டீர்களா சாமி என்று விசாரியுங்கள்.