காத்திருந்தவனும் ஏறி வந்தவனும்

டென்னிஸ் கிளப்புகள் சிலவற்றில் ஒரு பலகை தொங்கும். ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஏணிப்படிகளைப் போல் அதில் வரிசையாக இருக்கும். கீழே இருப்பவர் தமக்கு ஓரிரு படி மேலே இருப்பவரை ஆட அழைக்கலாம். வென்றால் இடம் மாறும். குறித்த நாளுக்குள் வராவிட்டால் மேலே இருப்பவர் தோற்றதாகக் கணக்கு. இந்தக் கடைசி விதிதான் ஏணிக்கு உயிர்.

உலகப் பந்தயங்களில் இந்த நியாயம் வெகுகாலம் இல்லை. சென்ற ஆண்டு வென்றவர் சும்மா உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் தமக்குள் மோதி, மிஞ்சிய ஒருவர் அவரைச் சந்திக்க வேண்டும். விம்பிள்டன் இவ்வழக்கத்தை 1922-ல் கைவிட்டது. டேவிஸ் கோப்பையில் அது 1971 வரை நீடித்தது.

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்கு அதன் பாரம் தெரியும். 1966-ல் இந்திய அணி ஜப்பானையும் மேற்கு ஜெர்மனியையும் வென்று வந்தது. டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலோடு 2–2 என்று நின்ற வேளை; தாமஸ் கோச்சிடம் நான்காவது செட்டில் 2–5 என்று பின்தங்கிய கிருஷ்ணன் மீண்டு வென்றார். அதே மாதம் மெல்போர்னில், சொந்த மண்ணில் காத்திருந்த ஆஸ்திரேலியா 4–1 என்று வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியிடமிருந்து பறித்தது.

ஆஸ்திரேலியர் வல்லவர்கள்தாம். படிப்படியாக ஏறி வந்திருந்தாலும் வென்றிருப்பார்களோ என்னவோ! அதைச் சோதித்துப் பார்க்க இடமில்லாமல் செய்ததே அவ்வழக்கத்தின் குறை. கிளப்புப் பலகையில் முதல் பெயருக்குரியவரோ, அழைப்பு வந்தால் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.