மானிப்பாயில் எலும்பு கற்பித்த தமிழ்

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டு மாணவர் அறிவியல் பாடத்தில் மனித எலும்புகளைப் பயில்கின்றனர். மண்டையோடு, முதுகெலும்பு, விலா எலும்பு என எழுதிச்செல்லும் அம்மாணவர்க்கு, முழு மருத்துவக் கல்வியே தமிழில் நடந்த காலம் ஒன்று உண்டு என்பது தெரியாது. ஆசிரியராகிய நம்மிலும் அதனை அறிந்தோர் சிலரே.

அக்கல்வி நடந்த இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் கிறித்துவ ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அன்று பயிற்றுமொழி ஆங்கிலம். தேறிய மாணவர் பலர் அரசுப் பணியும் நல்லூதியமும் நாடிச் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே இருந்தன. தாயகம் சென்று 1862இல் மீண்ட கிறீன், பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். தமிழில் பயின்றவர் தம் ஊரிலேயே தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் கணக்கு. மொழிப்பற்றைவிட இந்நடைமுறைக் கவலையே அவரை உந்தியது எனக் கருதுகிறேன். அதனால் அவர் பணி சிறுமையுறாது.

பாடம் தமிழில் என்றதும் நூல் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தம்மிடம் பயின்ற தமிழரைத் துணைக்கொண்டு அவர் நூல்களை ஆக்கினார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்தன. இவற்றுள் உடற்கூற்றைக் கூறுவது மனுஷ அங்காதிபாதம். இத்தலைப்பு சற்றே நின்று நோக்கத்தக்கது. தலைவனையோ இறைவனையோ அடிமுதல் முடிவரை பாடுவது பாதாதிகேசம். முடிமுதல் அடிவரை பாடுவது கேசாதிபாதம். அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்ட தமிழ் மாணவனுக்கு அவ்விலக்கிய மரபு நினைவுக்கு வந்திருக்கும். உடலை உறுப்புறுப்பாக வரிசைப்படுத்திக் காணும் பழக்கம் அவனுக்குப் புதிதன்று. தோலுக்குள்ளே நோக்குவதே புதிது.

கிறீனின் நடையில் வடசொல் மிகுதி. இன்று ‘கெமிஸ்தம்’ என்றால் நம் மாணவர் நகைப்பர். வேதியியல் என்பதே நமக்கு இயல்பு. எனினும் சொல் பழகிய பின்னரே நூல் எழுதுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. கலைச்சொற்றொகுதிகளையும் அச்சிட்டார். முப்பதுக்கு மேற்பட்டோர் அவரிடம் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறினர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் பணியை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பெருகிய தோட்டங்களில் தமிழர் குடியேறினர். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து தந்தவர் டிரஸர். அவரிடம் சென்ற பால்மரத் தொழிலாளி, ‘கணுக்கால் பிசகிற்று’, ‘விலாவில் குத்துகிறது’, ‘முழங்கால் சில்லு வலிக்கிறது’ என்றே கூறினார். பள்ளி காணாத வாயிலும் உடற்கூற்றுச் சொல் குறைவின்றி இருந்தது. எலும்பைக் குறிக்கும் ‘என்பு’ திருக்குறளிலேயே உள்ளது; இலங்கைப் பாடநூல்கள் அதனை இன்றும் ஆள்கின்றன.

குறை சொல்லில் இல்லை. சொல் வழங்கும் இடம் சுருங்கியதில் உள்ளது. 2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009இல் அரசு அம்முடிவைக் கைவிட்ட பின்னரே அவை படிப்படியாகத் தமிழுக்கு மீண்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோருள் இன்று ஆசிரியராயிருப்போர், தாம் தமிழில் கேளாத பாடத்தைத் தமிழில் கற்பிக்கின்றனர். அவர்தம் இடர்ப்பாட்டை நாம் குறையாகப் பேசலாகாது.

இன்னோர் இழப்பு ஆறாம் ஆண்டின் முடிவில் நேர்கிறது. இடைநிலைப்பள்ளியில் எலும்பு ‘துலாங்’ ஆகிறது, மண்டையோடு ‘தெங்கோராக்’ ஆகிறது. மலாய்ச்சொல் கற்பது நன்றே. ஐந்தாம் ஆண்டில் கற்ற தமிழ்ச்சொல் அதனருகில் நிற்க ஓரிடம் வேண்டும். கிறீன் தொகுத்தது போன்று, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எலும்புப் பெயர் தரும் சிற்றேடு ஒன்றை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா ஆசிரியர்கள் கூடி ஆக்கலாம். வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. இடவல இணைகளுக்கும் விரல், விலா, முள்ளெலும்பு வரிசைகளுக்கும் பொதுப்பெயர் போதுமாதலால், வேண்டிய பெயர்கள் அதனினும் மிகக் குறைவு. சில பக்கங்களில் அடங்கும்.